சோறு வேண்டாங்க, கொழுப்பா வையுங்க

திருச்செங்கோட்டில் நாங்கள் இரண்டு வருடம் மாடி வீட்டில் குடியிருந்தோம். கீழே வீட்டுச் சொந்தக்காரர். அவருக்கு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்குக் கறிக்கடையில் ஒரு வேலை இருக்கும். கறி வாங்குவது அதில் சின்னப் பகுதிதான். மீதி நேரமெல்லாம், மற்றவர்கள் வாங்கும் கறியைத் திருத்துவதில் போகும்.

யாராவது வந்து, "கொழுப்பில்லாம முக்கால் கிலோ போடுங்க" என்று கேட்டால் போதும். வரிசையில் எத்தனாவது ஆளாக நின்றாலும் இவர் தலையை நீட்டிவிடுவார். கொழுப்பு இல்லாத கறி என்பது இழுத்துப் போட்ட ரப்பர் என்பார். கொழுப்பைத் தள்ளிவிட்டு வீட்டுக்குப் போய் நாலு தட்டு சோறு சாப்பிடுகிறவனுக்குத்தான் சர்க்கரை வருகிறது என்பார். கேட்டவர் முகம் சுருங்கியதும் சட்டைப் பையிலிருந்து தன் ரத்தப் பரிசோதனைச் சீட்டை எடுப்பார். அந்தச் சீட்டு மடித்து மடித்துக் கோயில் விபூதிப் பொட்டலம் போல ஆகியிருந்தது. கறிக்கடை பாய்க்கு அவரால் வியாபாரம் கெட்டதா வளர்ந்ததா என்று கடைசி வரை தெரியவில்லை. ஆனால் ஒரு காலத்தில் எடை போட்ட பிறகு கொசுறாக உள்ளே போட்ட கொழுப்பை, இவர் வந்த பிறகு தனியாக எடுத்து வைக்க வேண்டியிருந்தது. மற்றவர்கள் வெட்டித் தள்ளச் சொன்னதெல்லாம் ஒரு தட்டில் சேர்ந்து, எட்டு மணிக்கு அவர் பைக்குள் போகும்.

நான் சேலத்துத் தறிக்காரக் குடும்பம். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை அரைக்கிலோ, அதுவும் கொழுப்பை நீக்கி வாங்கினால்தான் கறி. பாலிடெக்னிக்கில் வேலை கிடைத்து இந்த ஊருக்கு வந்த முதல் ஞாயிறே அந்தத் தவறை அவர் எதிரில் செய்துவிட்டேன். "ஏனுங்க சார், வாத்தியாரா இருந்துட்டு இப்படிக் கேக்கறீங்களே" என்றார். அன்றிலிருந்து கறிக்கடைக்கு அவரோடுதான் போகவேண்டி வந்தது. என் பையில் என்ன விழ வேண்டும் என்பதையும் அவர்தான் முடிவு செய்தார்.

அவர் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி இரண்டு வைத்திருந்தார். இருபது வருடத்துக்கு மேல் அந்த வண்டியோடு ராய்ப்பூர், நாக்பூர் என்று அலைந்தவர். சர்க்கரையும் முழங்கால் வலியும் வந்ததும் வண்டியை மேனேஜர் பொறுப்பில் விட்டுவிட்டு ஊரோடு உட்கார்ந்தார். உட்கார்ந்த மனிதருக்கு யாரோ செல்போனில் பேலியோ உணவுமுறையைக் காட்டிக் கொடுத்தார்கள். அரிசி கிடையாது, சர்க்கரை கிடையாது, கிழங்கு கிடையாது. கொழுப்புள்ள கறி, முட்டை, வெண்ணெய், நெய்யில் வறுத்த பாதாம், கீரை. ஈரோட்டு டாக்டரைக் கேட்டுக்கொண்டுதான் ஆரம்பித்தார். மாத்திரையைக் குறைத்ததும் டாக்டர்தான், இவராக இல்லை. இதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் கோபித்துக்கொள்வார்.

எட்டு மாதத்தில் வயிறு இறங்கியது. பழைய சட்டைகள் தொளதொளவென்று ஆயின. அவற்றைத் தையல்காரரிடம் பிடிக்கக் கொடுக்கவே மாட்டார். யாராவது, "என்னங்க சட்டை இவ்வளவு லூசா இருக்குது" என்று கேட்க வேண்டும் அல்லவா? கேட்டால் அரைமணி நேரம் போய்விடும். பால்காரருக்கு அவருடைய கெட்ட கொழுப்பு, நல்ல கொழுப்பு, டிரைகிளிசரைடு எல்லாம் மனப்பாடம். ஒரு முறை என் மனைவி வெண்பொங்கல் கொடுத்தனுப்பினாள். தட்டைத் திருப்பி அனுப்பியபோது பொங்கல் அப்படியே இருந்தது. மேலே இருந்த நெய்யும் முந்திரியும் மட்டும் காணோம். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அவருக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. இங்கே சொல்லமாட்டேன்.

உணவில்தான் இப்படி என்று நினைத்துவிடக் கூடாது. அவருக்கு ஒன்று தெரிந்துவிட்டால் அது வாயில் தங்காது, அவ்வளவுதான். முக்கியமாகத் தண்ணீர் விஷயத்தில். எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் மடக்கை நாக்கில் உருட்டுவார். "இது ஐநூறு அடிக்கு மேல போயிருக்குதுங்க", "இதுல இரும்பு இருக்குது, ரெண்டு வருசத்துல பைப்பு அடைச்சுக்கும்" என்று அங்கேயே தீர்ப்புச் சொல்லிவிடுவார். ராசிபுரத்தில் ஒரு புதுமனைப் புகுவிழாவில், சந்தனம் கொடுத்து வரவேற்ற மனிதரிடம், "தண்ணி சவுடுங்க, உப்புக் கரிக்குது, வாங்கின எடத்துல ஏமாந்துட்டீங்க" என்று சொன்னதை நானே பக்கத்தில் நின்று கேட்டேன். அவர் சொன்னது சரியாகத்தான் இருக்கும். அதுதான் அவரிடம் உள்ள கஷ்டம்.

இந்த வாய்தான் அவருக்கும் அவருடைய ஒரே தங்கைக்கும் நடுவில் சுவர் எழுப்பியது.

தங்கையை ஓமலூர்ப் பக்கம் தோட்டத்து வீட்டில் கொடுத்திருந்தார்கள். அவர்கள் புது வீடு கட்டியபோது போர் போட வேண்டி வந்தது. அண்ணனுக்குச் சொந்தமாக இரண்டு ரிக் இருக்கிறது. ஆனால் இரண்டும் சத்தீஸ்கரில் நின்றன. வண்டி வர ஒரு மாதம் ஆகும் என்றார். தங்கை வீட்டுக்காரர் காத்துப் பார்த்தார், பிறகு வேறு வண்டியைக் கூப்பிட்டுப் போட்டுவிட்டார். ரிக் வண்டிக்காரனின் தங்கை வீட்டில் அடுத்தவன் வண்டி நின்று குழி போடுவது என்றால் இந்த ஊரில் அது சாதாரண விஷயம் இல்லை. இவர் ஊர் திரும்பியதும் நேராக அங்கே போய், நாலு பேர் முன்னால், "அந்தத் தண்ணியில பொங்குன சோத்துல கை நனைக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். தண்ணீரைக் குடித்துக்கூடப் பார்க்கவில்லை.

அப்போது தங்கையின் மகளுக்கு ஒரு வயது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் காது குத்த நாள் பார்த்திருந்தார்கள். அது அப்படியே நின்றது. பங்காளிகளில் யார் மடியிலாவது உட்கார வைத்துக் குத்திவிடலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். தங்கை கேட்கவில்லை. என் அண்ணன் மடியில்தான், இல்லையென்றால் என் பெண்ணுக்குக் காதே வேண்டாம் என்றாளாம். நான்கு வருடம் ஓடிவிட்டது. அந்தக் குழந்தை வெறும் காதோடு பள்ளிக்கூடம் போனது. இவர் அந்த முதல் வருடமே செய்து வைத்த தோடு சின்னச் சிவப்புப் பெட்டியில் பீரோவில் கிடந்தது. அதை அவர் மனைவி ஒரு நாள் என் மனைவியிடம் திறந்து காட்டிவிட்டு மூடினார்.

இவ்வளவு பேசுகிறவர் இதைப் பற்றி மட்டும் என்னிடம் பேசியதே இல்லை. நானும் கேட்கவில்லை.

ஒரு வைகாசி மாதக் காலையில் தங்கையே வந்தாள். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பத்திரிகை. நான் அவரோடு செய்தித்தாள் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்து போகப் பார்த்தேன், அவர் என் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார். குழந்தைக்கு அடுத்த ஞாயிறு காது குத்து, கோயிலில் கிடா வெட்டி வீட்டில் விருந்து, நீங்கள் வந்து மடி கொடுக்க வேண்டும் என்று அவள் சொன்னாள். அழுதுவிடுவாளோ என்று பயந்தேன். அழவில்லை.

இவர் தொண்டையைச் செருமினார். வருகிறேன் என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருக்கலாம். சொன்னார். ஆனால் அதோடு நிறுத்தத் தெரிய வேண்டுமே. "வாரேன் சாமி. ஆனா நான் சோறு சாப்பிடறதில்லை, தெரிஞ்சுக்க. எனக்குக் கறி போதும், கொழுப்பா வெச்சிரு" என்றார். பிறகு அரிசி உடம்பில் என்ன செய்கிறது என்று ஆரம்பித்துவிட்டார். சங்கடத்தில் எதையாவது பேச வேண்டியிருந்தது, அவருக்குக் கைவசம் இருந்தது அதுதான். நான் மேசைக்கடியில் அவர் காலை மிதித்தேன். அவர் நிறுத்தியபோது தங்கையின் முகம் கொஞ்சம் மாறியிருந்தது. "சரிங்ண்ணா" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தாள். அந்தச் "சரி"யில் என்ன இருந்தது என்று எனக்கு அப்போது புரியவில்லை. அவருக்கும் புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிப்போனார். காரணத்தை ஒளிக்கவில்லை. "நான் எதாச்சும் ஏடாகூடமாப் பேசிட்டா தொடையில கிள்ளுங்க சார்" என்றார். நான் வண்டி ஓட்ட, அவர் பக்கத்தில், பின்சீட்டில் அவர் மனைவியும் சீர்த் தட்டுகளும். சங்ககிரி, தாரமங்கலம் தாண்டி ஓமலூர் போய்ச் சேரும் வரை சிவப்புப் பெட்டியைச் சட்டைப் பையில் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பரிசோதனைச் சீட்டு இருந்த அதே பை.

காது குத்தும்போது குழந்தை அழவில்லை, மாமன்தான் அழுதார். ஆசாரி ஊசியை எடுத்ததுமே கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். குழந்தை திரும்பி அவர் முகத்தைப் பார்த்து, "மாமா, எனக்குத்தான் குத்தறாங்க" என்றது. எல்லோரும் சிரித்தார்கள். தங்கை சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அதோடு முடிந்திருந்தால் நல்ல விழா என்று வீட்டுக்கு வந்திருப்போம். பந்தி இருந்ததே.

முதல் பந்தியில் தாய்மாமனுக்கு முதல் இலை. பக்கத்தில் நான், கிள்ளுவதற்கு வசதியாக. கறி வந்தது. தங்கை தன் கையால் ஒரு கிண்ணம் கொண்டுவந்து வைத்தாள். அதில் நெஞ்சுக்கறியும் வெள்ளை வெள்ளையாகக் கொழுப்பும் பொறுக்கி எடுத்து வறுத்து வைத்திருந்தாள். அவர் முகம் மலர்ந்துவிட்டது. அடுத்து அவள் வீட்டுக்காரர் சோற்று வாளியோடு வந்து, மரியாதையாகக் குனிந்து, இலைக்கு நேரே கரண்டியை நீட்டினார். இவர் இலைக்குக் குறுக்கே இரண்டு கையையும் வைத்து மறித்தார்.

பந்தலில் எல்லோரும் இவர் பக்கம் திரும்பினார்கள். எங்கள் பக்கத்தில், கறி மட்டும் தின்பது சாப்பாட்டில் சேர்த்தி இல்லை. ஒரு ஆட்டையே தின்றாலும் சோறு தொடவில்லை என்றால் அந்த வீட்டில் கை நனைக்கவில்லை என்றுதான் அர்த்தம். நாலு வருடத்துக்கு முன்பு இவர் சொன்ன வார்த்தை அங்கே இருந்த எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. இவருக்குத்தான் அந்த நிமிடம் ஞாபகம் வரவில்லை. வழக்கம் போல ஆரம்பித்தார். சர்க்கரை எவ்வளவு இருந்தது, எவ்வளவு குறைந்தது, அரிசி எப்படி விஷம், கொழுப்பு எப்படி மருந்து. சீட்டை வேறு எடுத்துக் காட்டினார். நான் கிள்ளினேன். தொடையைத் தேய்த்துக்கொண்டு மேலே பேசினார். வேறு வழி தெரியாமல் நானும் வாயைத் திறந்து, எட்டு மாதமாக இவர் நிஜமாகவே சோறு சாப்பிடுவதில்லை, நான் மாடியில் குடியிருக்கிறேன், எனக்குத் தெரியும் என்றேன். எதிர் இலையில் இருந்த ஒரு பெரியவர், "வாத்தியாரச் சாட்சிக்குக் கூட்டியாந்திருக்காரு பாரு" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். சத்தமாகத்தான் சொன்னார்.

வாளியைப் பிடித்திருந்தவரின் முகம் கறுத்துவிட்டது. அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார். அடுத்து அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தக் குடும்பம் மறுபடி சேர்ந்திருக்காது.

அப்போது தங்கை வந்து அண்ணன் இலைக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். மெதுவாகத்தான் பேசினாள். பக்கத்தில் இருந்ததால் எனக்குக் கேட்டது.

"அந்தத் தண்ணியில பொங்குலீங்ண்ணா. கோயில் கெணத்துல சேந்தியாந்து பொங்கிருக்கறேன். சோறு, கொழம்பு, ரசம் எல்லாமே அதுலதான். போர்த் தண்ணி ஒரு சொட்டு படலீங்ண்ணா. நம்பிச் சாப்பிடுங்க."

அன்று அவள் "சரிங்ண்ணா" என்றதன் அர்த்தம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. சோறு சாப்பிடமாட்டேன் என்று இவர் பேலியோவைச் சொல்ல, அவள் சபதத்தைப் புரிந்துகொண்டு போயிருக்கிறாள். அண்ணன் சொல் கெடாமல் அண்ணனுக்குச் சோறு போட வழி தேடியிருக்கிறாள். இருநூறு பேர் விருந்துக்கு, வாசலில் மோட்டார் இருக்க, விடியற்காலையிலிருந்து கோயில் கிணற்றில் குடம் குடமாகச் சேந்தியிருக்கிறாள். அவள் உள்ளங்கை கயிறு உராய்ந்து சிவந்திருந்தது.

அவர் அந்தக் கையைப் பார்த்தார். சீட்டை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"உன்ற போர்த் தண்ணி ஒரு சொம்பு கொண்டா" என்றார்.

வந்தது. அண்ணாந்து மடக் மடக்கென்று முழுச் சொம்பையும் குடித்தார். நாக்கில் உருட்டவில்லை. பிறகு, "ஒரு ஆழாக்கு அரிசி இந்தத் தண்ணியில பொங்கிக் கொண்டா சாமி. நான் எந்திரிக்க மாட்டேன்" என்றார்.

முதல் இலைக்காரர் எழாமல் பந்தியில் யாரும் எழ முடியாது. எனவே நாங்கள் ஐம்பது பேரும் காய்ந்த கையோடு, உள்ளே ஒரு சின்னப் பாத்திரத்தில் சோறு வேகும் வரை உட்கார்ந்திருந்தோம். அடுத்த பந்திக்காரர்கள் முதுகுக்குப் பின்னால் பசியோடு நின்றார்கள். ஆனால் யாரும் முணுமுணுக்கவில்லை. எதிர் இலைப் பெரியவர்கூட. நானும் ஒரு டம்ளர் போர்த் தண்ணீர் வாங்கிக் குடித்தேன். குடித்துவிட்டு, முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளக் கஷ்டப்பட்டேன்.

சோறு ஆவி பறக்க வந்தது. தங்கை இலையில் போட்டாள். எட்டு மாதம் கழித்து அவர் சோற்றைப் பிசைந்தார். வறுத்த கொழுப்பைச் சூட்டோடு அதில் அமுக்கி உருட்டி வாயில் வைத்தார். இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினார். தங்கை வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து நின்று, எழுநூற்று இருபது அடியில் தண்ணீர் கிடைத்தது என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். நான் அவசரமாகக் கையைத் தொடைக்குக் கொண்டுபோனேன். தேவைப்படவில்லை.

"நல்ல தண்ணிங்க மாப்ள" என்றார் அவர்.

திரும்பும்போது தாரமங்கலம் வரை அவர் கண்ணை மூடிக்கொண்டு வந்தார். பின்சீட்டில் அவர் மனைவி தூங்கிவிட்டார். சோற்று மயக்கம், இவரும் தூங்கிவிட்டார் என்றே நினைத்தேன்.

"ஏனுங்க சார், நீங்களும் குடிச்சீங்கல்லோ?" என்றார்.

குடித்தேன் என்றேன்.

"உப்பு."

"நல்ல உப்புங்க" என்றேன் நான்.

"என்ற வண்டியா இருந்தா அந்த எடத்துல கம்பியே எறக்கியிருக்க மாட்டேன். மேக்கால வரப்போரமாப் போட்டிருந்தா எளநி மாதிரி வந்திருக்கும்" என்றார். பிறகு, "அவகிட்டச் சொல்லிராதீங்க" என்றார்.

தினமும் குடிக்கிற அவளுக்குத் தெரியாதா என்று கேட்டேன்.

"அவளுக்குத் தெரியுமுங்க சார். எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு தெரிய வேண்டாம்."

மறுநாளே பழையபடி பேலியோவுக்குத் திரும்பிவிட்டார். சோறு சாப்பிட்டதைத் தன் செல்போன் குழுவில் தானாகவே எழுதித் திட்டு வாங்கினார். அன்றைக்குச் சர்க்கரை எவ்வளவு ஏறியது என்பது பால்காரருக்குத் தெரியும், கறிக்கடைப் பாய்க்குத் தெரியும். அடுத்த வருடம் எனக்குச் சேலத்துக்கு மாற்றல் வந்து ஃபேர்லேண்ட்ஸில் வீடு பார்த்துக்கொண்டு வந்துவிட்டோம். இங்கே கறிக்கடையில் கொழுப்பில்லாமல் கேட்க இன்றும் எனக்கு நாக்கு வருவதில்லை, பின்னால் அவர் நிற்பது போலவே இருக்கிறது. ஆளை நினைத்தால் சிரிப்பு வரும், கூடவே ரொம்பப் பிடித்தும் போகும்.

அந்தத் தண்ணீர் உப்பு என்பதை மட்டும் அவர் அதற்குப் பிறகு யாரிடமும் சொல்லவில்லை. நான்தான் இப்போது உங்களிடம் சொல்லிவிட்டேன்.